தோப்பூர் வயலில் எந்த இலைக் கருகல்?

பெரும்போகத்தில் அடைமழையும் காற்றும் ஓய்ந்த பிறகு நெல்லிலை நுனியிலிருந்து மஞ்சளாகி, ஓரம் நெளிநெளியாக வெளிறி இறங்கினால், பசளை போதவில்லை என்று யூரியா வீசத்தான் கை போகும். அது பக்டீரியா இலைக் கருகலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தழைச்சத்து மிகுந்த பயிரில்தான் இந்த நோய் வேகமாகப் பரவுகிறது.

யூரியாப் பையைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யலாம். வெளிறிய இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாயைத் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் அங்கிருந்து பால்போன்ற கலங்கல் இழையாக வழிந்தால், அது சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பக்டீரியாக் கூட்டம்தான். இலையோரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிடுகிறது. 1884இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது.

தெளித்து முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. ஆகவே எதிர்ப்புள்ள விதைதான் முதல் பாதுகாப்பு. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுத் திரூர்குப்பத்தின் டி.கே.எம். 6 நெல்லிலிருந்து வந்த எக்ஸ்.ஏ. 4 என்ற எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த ஐ.ஆர். ரகங்கள் பிலிப்பைன்ஸில் பரவலாகப் பயிரிடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அந்த மரபணுவுக்கு மசியாத பக்டீரியா இனம் அங்கே தலைதூக்கியது. நெல் மாறியபோது பக்டீரியாவும் மாறிக்கொண்டது.

அது எப்படி மாறுகிறது? ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதியில், இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் ஏராளம். நெல்லுக்குள் அது செலுத்தும் சில புரதங்கள், நெல்லின் சர்க்கரை கடத்தும் மரபணுக்களை முடுக்கிவிட்டு உணவைத் தன் பக்கம் கசியச் செய்கின்றன. அந்தப் புரதங்களின் அமைப்பு வகைக்கு வகை வேறுபடுவதால், ஒரு வகையை நிறுத்தும் எதிர்ப்பு இன்னொன்றை நிறுத்தாமல் போகலாம். அதனால்தான் ஹைதராபாத் விஞ்ஞானிகள் சம்பா மசூரியில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, 2008இல் மேம்பட்ட ரகமாக வெளியிட்டார்கள். ஒன்று தோற்றாலும் மற்றவை நிற்கும்.

இலங்கையில் திரட்டிய பக்டீரியாக்களை ஒச்சியாய் தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு ஒப்பீட்டுக்கு உட்படுத்தி, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தச் சிறு தீவுக்குள்ளேயே அவை ஒரே வகையாக இல்லை என்று அது காட்டியது. எனவே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பத்தலகொடையில் தாங்கி நின்ற ரகம் திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரிலும் தாங்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. இங்கே மகாவலி நீர் வாய்க்கால் வாய்க்காலாக, ஒரு வட்டையிலிருந்து மறு வட்டைக்குப் பாய்கிறது. நோய்ப்பட்ட வயலின் வடிநீர் கீழ் வயலுக்குப் போகும்போது பக்டீரியாவும் கூடவே போகிறது. வெள்ளம் வந்தாலோ வரம்புக்கு மதிப்பே இல்லை.

ஆகவே மூதூர், தோப்பூர், சேருவில வயல்களில் போகம்தோறும் இலை மாதிரி எடுத்து, இங்கே உலவுவது எந்த வகை என்று விவசாயத் திணைக்களம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். விதை நெல் சிபாரிசு அந்த முடிவை ஒட்டி வரவேண்டும். அதுவரை விவசாயி செய்யக்கூடியவையும் உண்டு: நாற்றின் நுனியைக் கிள்ளி நடாமல் இருப்பது, யூரியாவைப் பிரித்து இடுவது, நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குத் திறந்துவிடாமல் இருப்பது, சந்தேகமான இலையைக் காயுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவது.