காமன் பூலில் கிடக்கும் பெயர்கள்

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்துவிட்டால் பள்ளிக்கூட வாசல்களில் பிளெக்ஸ் முளைத்துவிடும். தேர்ச்சி இத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தனியார் பள்ளியின் பலகையையும் அரசுப் பள்ளியின் பலகையையும் ஒப்பிட்டுப் பேசுவதற்கு டீக்கடையில் நாலு பேர் எப்போதும் உண்டு. கொமரலிங்கம் பக்கமும் இப்படித்தான். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது. இந்தப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? மிச்சப் பேர் எங்கே?

கொமரலிங்கம் வாய்க்கால் பாசன ஊர். செய்தித்தாளில் குமரலிங்கம் என்றும் வரும். அமராவதி ஆற்றின் பழைய ராஜவாய்க்கால்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். நெல், கரும்பு, தென்னை என்று பச்சை மாறாத பூமி. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் நகரத்துக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் பனியன் கம்பெனியின் இழுப்புக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு உடுமலையைச் சுற்றி நூற்பாலைகள் இருக்கின்றன. மில் வண்டி விடியும் முன்பே ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது.

இப்படிப்பட்ட ஊரில் அரசுப் பள்ளியின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கையில் நாலு காசு சேர்ந்த குடும்பம் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறது. அரசுப் பள்ளியில் இருப்பது நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் பிள்ளைகள், தேங்காய் உரிப்பவரின் மகன், மில்லுக்குப் போகும் தாயின் மகள். அருந்ததியர் தெருவிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் அந்த வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள். அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் பிளஸ் டூவை முடித்தால்தானே கல்லூரி வாசலில் அதைக் கேட்க முடியும்? கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் இவர்களின் மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைத்து, 'கவர்ன்மென்ட் ஸ்கூல்னா அப்படித்தான்' என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

திருப்பூர் மாவட்டத்தின் எண்கள் ஒன்றும் மோசமில்லை. பிளஸ் டூவில் 2023-ல் 97.79 சதவீதத்தோடு மாநிலத்தில் இரண்டாமிடம், 2024-ல் 97.45 சதவீதத்தோடு முதலிடம். ஆசிரியர்கள் சனிக்கிழமையும் உட்கார்ந்து சிறப்பு வகுப்பு எடுத்து வாங்கிய எண்கள் அவை. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணக்கின் அடியைத்தான் தோண்டச் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று தமிழ்நாடு முழுக்கச் சுமார் 50 ஆயிரம் பேர் தேர்வு எழுதவே வரவில்லை. சட்டமன்றம் வரை பேச்சானது. அந்த ஆண்டு 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேறினார்கள். தேர்ச்சி 94.03 சதவீதம். வராத பிள்ளைகளையும் சேர்த்து வகுத்தால் 89-க்குக் கீழே இறங்கிவிடும். எழுதியவர்களை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். எழுத வராதவர் தோற்றவர்கூட இல்லை, கணக்கிலேயே இல்லை.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்கிறேன். 2024 பத்தாம் வகுப்பில் மாணவியர் தேர்ச்சி 94.53, மாணவர் தேர்ச்சி 88.58. ஏறத்தாழ ஆறு புள்ளி வித்தியாசம். பெண்பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பையன்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆவதெல்லாம் கோடை விடுமுறையில்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன், 'சும்மாதானே இருக்கான்' என்று மாமாவோடு திருப்பூருக்குப் போகிறான். பிசிர் வெட்டுகிறான், கைமடிக்கிறான், கட்டிங் மாஸ்டருக்குத் துணி தூக்கிக் கொடுக்கிறான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை கையில் கிடைக்கிற நோட்டுகள், அவன் அம்மா ஒரு வாரம் களையெடுத்துச் சேர்ப்பதைவிடக் கூடுதல். முதல் சம்பளத்தில் ஒரு செல்போன், அடுத்ததில் ஒரு கடன் தவணை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பெஞ்சில் அவன் இடம் காலி.

தேடிப் போகும் ஆசிரியரிடம் வீட்டில் சண்டை போடமாட்டார்கள். 'வாங்க சார், உக்காருங்க' என்று மோர் கொடுப்பார்கள். 'ஒரு வருசம் போய்ட்டு வரட்டுங்க சார், அப்புறம் சேர்த்து உட்டுர்றோமுங்க' என்பார்கள். பொய் சொல்வதில்லை. அப்படித்தான் அவர்களும் நம்புகிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு முதல் 14 வயதுவரைதான் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. பத்தாம் வகுப்பு சதவீதம் கெடக்கூடாது என்று ஒன்பதிலேயே சுமாரான பிள்ளையை வடிகட்டப் பார்க்கும் பள்ளிகளுக்கும் பனியன் கம்பெனிக்கும் இடையில் அவன் நழுவிவிடுகிறான்.

உயர்கல்விக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லும் பையன்களுக்கு 2024-லும் வந்தது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் வருகிறது. பையனை இழந்துவிடுகிற வயது பதினைந்து. அந்த வயதில் அவனுக்குப் புத்தகம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஈடாக வீட்டில் காட்ட மட்டும் ஒன்றும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கும் எமிஸ் பதிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுத்தால் அதன் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுத்தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளியில் சேர்ந்தால், அங்கிருந்து எடுத்துத் தங்கள் பதிவில் சேர்த்துக்கொள்வார்கள். எந்தப் பள்ளியும் எடுக்காத பெயர் அங்கேயே கிடக்கும். பிறந்த தேதி, அப்பா பெயர், கடைசியாகப் படித்த வகுப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

தேர்ச்சிப் பலகையில் இரண்டாவதாக ஒரு வரி எழுதச் சொல்வேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை, இன்று பிளஸ் டூ முடித்தவர்கள் இத்தனை என்று. ஆசிரியரை அவமானப்படுத்த அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த இரண்டு எண்களையும், பொதுத்தொகுப்பில் கிடக்கும் பெயர்களையும் உரக்கப் படிக்கட்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அம்மா, 'அது நம்ம தெருப் பையனுங்க, செட்டிபாளையத்துல செக்கிங்ல இருக்கானுங்க' என்று சொல்லிவிடுவார்.