உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்குப் பதில் மரக்கன்று

ஆயுதம் ஏந்துவதே பாவமெனக் கருதும், ருஷ்யாவில் வாழ்ந்த மென்னனைட் கிறிஸ்தவர்கள், 1874-இல் ருஷ்யப் பேரரசு கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, அது தங்கள் மனச்சாட்சிக்கு விரோதமென்று மறுத்தனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தும் விட்டனர். கைதேர்ந்த விவசாயிகளான அவர்களுள் எஞ்சியோரையேனும் இழக்க விரும்பாத அரசாங்கம், அவர்களுடைய இளைஞர்கள் படைக்கலம் தொடாமல் வனத்துறையில் ஊழியம் புரியலாமென்று அனுமதித்ததால், 1881 முதல் அவ்விளைஞர்கள், இன்று உக்ரைனைச் சேர்ந்த தென்பகுதியின் மரமற்ற புல்வெளிப் பிரதேசங்களில் முகாமிட்டு, கன்றுகளை நட்டுக் காடு வளர்த்தனர். இதில் விசேஷம் யாதெனில், முகாம்களைக் கட்டவும் இளைஞர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும் ஆன செலவில் பெரும்பகுதியை, மென்னனைட் சமூகத்தாரே தங்களுக்குள் வரி விதித்துத் திரட்டிக் கொடுத்தனர் என்பதே.