கொடிக்கம்பியில கரன்ட்!

"டேய், மொட்டை மாடிக் கொடிக்கம்பி சுருக்குனு கடிக்குதுடா!" என்றாள் அம்மா. போன ஐப்பசி, மழை விட்ட மறுநாள். 'நரம்புத் தளர்ச்சி' என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, ஈர லுங்கியோடு நானே காயப்போடப் போனேன்.

கடித்தது.

பி.காம். படித்தவனுக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். கரன்ட் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியாது. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். கம்பியில் டெஸ்டரை வைத்தார். மினுக்கென்று எரிந்தது!

அந்தக் கம்பியைக் கட்டியிருந்தது, 1990களில் தூர்தர்ஷனுக்காக அப்பா நட்ட இருபதடி ஜி.ஐ. பைப்பில். மேலே இருந்த ஆன்டெனா காக்காய்களுக்கு ஊஞ்சலாகி, உதிர்ந்தே போச்சு. மிஞ்சிய பைப்பில் இடுப்பு உயரத்தில் டி.டி.எச். டிஷ்ஷை மாட்டியிருந்தோம்.

"செட்டாப் பாக்ஸ் அடாப்டர் ரெண்டு பின் சார், எர்த் கிடையாது. உள்ளே கெபாசிட்டர் வழியா துளியூண்டு கரன்ட் கசியும். அது கேபிளோட வெளி வலையில ஏறி, டிஷ், பைப், கொடிக்கம்பினு ஊர்வலம் வருது. இது சுருக்குங்கறதோட சரி. அடாப்டர் உள்ளே பழுதாச்சுன்னா 230 வோல்ட்டும் இதே ரூட்லதான் வரும்."

"இடி விழுந்தா?"

"ரூட் தலைகீழ். மேலேருந்து உங்க டி.வி.க்கு!"

பாத்ரூம் குழாயில் ஒரு ஒயரைக் கட்டிவிடலாமா என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதுதான் எர்த்! சிரித்தார். "பி.வி.சி. குழாய்னா கட்டறதும் ஒண்ணு, கட்டாததும் ஒண்ணு. இரும்புக் குழாய்னா குளிக்கிறவங்க கதி?" வெளிச்சுவர் வழியாக, வளைவு நெளிவு இல்லாமல் தடிமனான ஒயரை இறக்கி வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டுமாம். தனியாகக் குழி வெட்டினாலும் இரண்டையும் இணைத்தாக வேண்டும். இல்லையென்றால் இடி நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே டி.வி. மாட்டிக்கொள்ளும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் அதன் வெளி வலைக்கும் ஒரு எர்த். இத்தனையும் செய்தாலும், வானம் உறுமத் தொடங்குமுன் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும்.

"எதுக்கண்ணே வம்பு? ஞாயித்துக்கிழமை மச்சானும் நானுமா பைப்பையே கழட்டிடறோம்!"

அவர் பதில் பேசவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துப் போய்க் காட்டினார். தெருவில் 11,000 வோல்ட் லைன், உறை போடாத கம்பி. சுவரிலிருந்து பத்தடி இருக்கலாம். பைப் இருபதடி. கழித்தல் கணக்கு எனக்கு நன்றாகவே வரும். தினமும் பார்க்கிற லைன்தான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"எர்த் போட்டுட்டுக் கழட்டினா..?"

"எர்த் டி.வி.யைக் காப்பாத்தும், அம்மாவைக் காப்பாத்தும். பைப்பைப் பிடிச்சிருக்கிற கையைக் காப்பாத்தாது சார்."

மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைனை ஆஃப் பண்ணின நாளில், கயிறு கட்டி உள்பக்கமாகச் சாய்த்து அவரே இறக்கினார். நானும் மச்சானும் கீழே நின்று வேடிக்கை பார்த்தோம். டிஷ் இப்போது மாடிப்படிச் சுவரில், எர்த்தோடு.

கொடிக்கு நைலான் கயிறு. வேட்டியின் ஈரத்துக்கே தொய்ந்து போகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறாள்.