அமுச்சியின் விரலும் கண்ணாடிக்குள் ஒரு தறியும்

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. திண்ணையில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பெற்ற அமுச்சி தாயம் விளையாட உட்கார்ந்தார். காயைத் தொட்டார், நகரவில்லை. அழுத்தினார், அப்போதும் நகரவில்லை. நான் தொட்டேன், ஓடியது.

"ஏஞ்சாமி, இது என்னைய மட்டும் ஆளா மதிக்க மாட்டீங்குது?"

முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, செக்கிங் மேஜையில் பீஸ் புரட்டிக் காய்த்துப்போன விரல்கள் அவை. துணியில் ஒரு கண்ணி விட்டிருந்தால், பேசிக்கொண்டே தடவிச் சொல்லிவிடும். அந்த விரலைப் போய் ஒரு கண்ணாடி கண்டுகொள்ளவில்லையே! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடினேன், படித்தேன். படிக்கப் படிக்கத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. உள்ளே ஓடுவது நம்ம பக்கத்துத் தொழில்!

டச் திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் போகின்றன. நம்மூர் வட்டப் பின்னல் மெஷினில் வருவது போல வளையம் வளையமாக இல்லை. பல்லடத்துத் தறியில் ஓடுவது போலப் பாவும் ஊடும். விரல் கிட்ட வந்ததும், அந்த இடத்துக் கோடுகளில் தேங்கி நிற்கும் மின்னூட்டம் துளி மாறுகிறது. எந்தப் பாவு, எந்த ஊடு என்று சிப் கணக்குப் போட்டுப் பார்த்து, "இங்கேதான் தொட்டார்கள்" என்று சொல்கிறது. நம் உடம்பில் மின்சாரம் ஓட வழி கொடுப்பது ஈரம். தோல் உலர்ந்து தடித்துப்போனால் அந்த மாற்றம் மங்கிவிடும். அமுச்சியின் விரல் மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்ணாடிக்குத்தான் காது மந்தம்.

மறுநாள் ஈரத்துணியில் விரலை ஒற்றி, நுனியால் குத்தாமல் சதைப்பற்றான பக்கத்தால் தொடச் சொன்னேன். காய் ஓடியது! அமுச்சி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். குளிர் நாட்டுக்காரர்கள் இதே தொல்லைக்குப் பின்னலிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னும் அழகு. கையுறையின் விரல் நுனியில் மட்டும் வெள்ளி பூசிய நூலைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். உறையைக் கழற்றாமலே போனைத் தொடலாம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அமுச்சி நிதானமாகத் தொடுவார். அதை "அழுத்திப் பிடித்தார்" என்று டேப்லெட் நினைத்துக்கொண்டு வேறு எதையாவது திறந்து வைக்கும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் இதற்கென்றே ஒரு அமைப்பு ஒளிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்தியதாகக் கொள்ள வேண்டும் என்று நாமே சொல்லலாம். 'நீளம்' என்று மாற்றி வைத்தேன். எழுத்தையும் பெரிதாக்கினேன். பெரியவர்களுக்கு டேப்லெட் வாங்கித் தரும் பிள்ளைகள் கேமை இறக்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்து கொடுங்கள், தயவுசெய்து.

இந்தத் தேடலில்தான் ஜப்பானிய அமுச்சி ஒருவர் கிடைத்தார். பெயர் மசாகோ வாகாமியா, 1935-ல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், தோழிகளோடு பேச்சு விட்டுப்போகக் கூடாது என்று கம்ப்யூட்டர் வாங்கியவர். வயதானவர்கள் சிறுசுகளை ஜெயிக்கிற மாதிரி ஒரு கேம் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். யாரும் செய்து தரவில்லை. தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வேறு ஊரில் இருந்த ஆசிரியர் இணையம் வழியாகவே சொல்லிக் கொடுத்தார். 2017-ல், 81 வயதில், 'ஹினாடான்' வெளிவந்தது.

அது என்ன கேம் தெரியுமா? கொலு! ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்கான பண்டிகை. படிக்கட்டு வைத்து, சிவப்புத் துணி விரித்து, ராஜா ராணியை உச்சிப் படியில் உட்கார்த்துவார்கள். கேமில் 12 பொம்மைகள், ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைக்க வேண்டும். எந்த பொம்மை எங்கே என்பது பாட்டிகளுக்கு மனப்பாடம், பேரப்பிள்ளைகள் முழிப்பார்கள். இழுப்பது, தேய்ப்பது எதுவும் கிடையாது, தொட்டாலே போதும். கடிகாரம் துரத்தாது. அந்த விரல்களோடு வாழ்கிற ஒருவர் செய்தது அல்லவா! அதே வருஷம் ஜூனில் ஆப்பிள் நிறுவனம் அவரைத் தன் மாநாட்டுக்கு அழைத்தது, அதன் அன்றைய தலைமை நிர்வாகி டிம் குக் சந்தித்துப் பேசினார்.

நான் எழுந்து குதித்தது இதற்கு அல்ல. மசாகோ எக்செல் கட்டங்களில் வண்ணம் நிரப்பிப் பூவேலை வரைகிறார், அதைத் துணியில் அச்சடித்துச் சட்டையாகப் போட்டுக்கொள்கிறார்! சம்பளப் பட்டியல் போடுகிற எக்செல்லில் பிரிண்ட் டிசைன்! அமுச்சியிடம் படத்தைக் காட்டினேன். ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தையலு நேராத்தான் இருக்குது" என்று பாஸ் போட்டார்.

இப்போது எங்கள் திண்ணையில் சாயங்காலம் லூடோ கிங் என்ற கேம் ஓடுகிறது. நவி மும்பைக்காரர்கள் செய்தது, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஒரே டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்து, இணையம் இல்லாமலும் ஆடலாம். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் விளம்பரத் தொல்லையும் பெரும்பாலும் அடங்கிவிடும். அமுச்சியின் வீட்டுக்காரர், சாயப்பட்டறையில் ஷேடு பார்த்த அப்புச்சிக்குச் சிவப்புக் காய்தான் கொடுக்கிறோம். வயதாகிக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும்போது முதலில் மங்குவது நீலம்.

மூளைக்கு நல்லது என்று சொல்லி விற்கும் கேம்களை மட்டும் நான் ஏற்றவில்லை. அப்படி விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அப்புச்சியின் காயை வெட்டிவிட்டு அமுச்சி சிரிக்கிற சிரிப்புக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

போன வாரம் அமுச்சி ஒரு பனியன் பெட்டி அட்டையையும் மார்க்கர் பேனாவையும் எடுத்துவரச் சொன்னார். அவருக்கும் ஒரு கேம் வேண்டுமாம். பனியன் ஒவ்வொன்றாக வரும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதைக் கண்டாலும் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் சூப்பர்வைசர் இருமுவார். கட்டம் பெரிதாக, நாலே நாலு.

"டைம் எவ்வளவு வைக்கலாமுங்க, அமுச்சி?"

"டைமெல்லாம் வேண்டாஞ்சாமி. பீஸ் ரேட்டுக்கு ஓடுனதெல்லாம் போதும்."

அட்டையின் மேல் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டேன். சூப்பர்வைசரின் இருமலை அப்புச்சி நேற்றே போனில் பதிவு செய்து கொடுத்துவிட்டார்.