கதவு திறந்தது!

ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? அங்கிருந்து ஓசூர் பக்கம் போனால், தொரப்பள்ளி என்ற சிற்றூர் இருக்கிறது. 1878 டிசம்பர் 10-ம் தேதி மூதறிஞர் ராஜாஜி பிறந்தது அங்கேதான். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம்.

அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

1920-களின் நடுப்பகுதி. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அப்போது பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியாது. வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். திருப்பதி அருகே உள்ள திருச்சானூரில், அப்படிப்பட்ட ஒரு பக்தர் பக்தி மேலிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டார். 'கோயில் தீட்டுப்பட்டு விட்டது' என்று அவர் மீது வழக்கு! கோர்ட்டில் அபராதமும் விதித்தார்கள்.

சாமி கும்பிடப் போனதற்குத் தண்டனையா?

செய்தி ராஜாஜிக்கு எட்டியது. ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலையே விட்டவர் அவர். 'இனி கோர்ட்டுக்குப் போவதில்லை' என்று இருந்தவர், அந்த ஏழை பக்தருக்காக மட்டும் மீண்டும் படியேறினார். அப்பீலில் வாதாடினார். பக்தர் விடுதலை ஆனார்.

ஆனால், கோயில் கதவு திறக்கவில்லை. அதற்கு இன்னும் பல வருடங்கள் ஆயின.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் சிலரை அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். பலர் எதிர்த்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் யார் தெரியுமா? அதே ராஜாஜிதான்! உள்ளே சென்றவர்களுக்கும் அழைத்துப் போனவர்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பைக் கொடுத்தார்.

ராஜாஜிக்கும் கஷ்டங்கள் உண்டு. மனைவி சீக்கிரமே காலமாகிவிட, ஐந்து குழந்தைகளை வளர்த்தார். பலமுறை சிறை சென்றார். ஆனாலும் முதுமையில் அவர் எழுதிய 'குறையொன்றுமில்லை' பாடலில், கடவுளிடம் அவர் எந்தப் புகாரும் சொல்லவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய அந்தப் பாட்டை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

தனக்குக் குறையில்லை என்றவர், அடுத்தவர் குறையைக் கண்டு சும்மா இருக்கவில்லை. கவனித்தீர்களா?

கஷ்டம் வரும்போது கடவுளை நம்பிக் கும்பிடுங்கள். பக்கத்தில் ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறாரா என்றும் திரும்பிப் பாருங்கள். அவருடைய பிரார்த்தனைக்குப் பதில், உங்கள் கையிலேயே இருக்கலாம்!