காணாமற்போன சீட்டுக்கு மாற்றுச் சீட்டு

இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பம்
(ஊர்: அரியூர் நாடு, கொல்லிமலை)



நம் மாணவர் மன்ற அறையில் கேரம் போர்டுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேலே 'டொமினியன்' என்று எழுதியிருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் 500 சீட்டுகள். அவற்றில் 9 சீட்டு என்னால் எரிந்து சாம்பலாகிவிட்டன. அந்த ஒன்பதுக்கு மாற்று தேடி நான் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். இது பரீட்சைக்கு வராத பாடம். ஆனாலும் நம் துறைப் பாடம்தான்.

இது என்ன ஆட்டம்?

நாம் ஊரில் ஆடும் ரம்மியிலோ கழுதையிலோ ஒரே கட்டுதான். 52 சீட்டும் எல்லோருக்கும் பொது. டொமினியனில் அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு. ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் 10 சீட்டு இருக்கும். அதில் 7 'காப்பர்', அதாவது செப்புக்காசு, 3 'எஸ்டேட்'. இதைக் கலைத்து ஐந்தைந்தாக எடுக்கணும். கையில் உள்ள காசுச் சீட்டுக்குத் தக்கபடி, மேசை நடுவில் அடுக்கியிருக்கும் குவியல்களிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை வாங்கலாம். வாங்கிய சீட்டு உடனே கைக்கு வந்துவிடாது. ஆடிப்போட்ட சீட்டுகளோடு போய்ச் சேரும். நம் கட்டு தீர்ந்து, எல்லாவற்றையும் மறுபடி கலைத்து அடுக்கும்போதுதான் அது கட்டுக்குள் கலக்கும். இப்படி ஆடிக்கொண்டே அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொள்வதுதான் ஆட்டம்.

இதை உருவாக்கியவர் டொனால்டு எக்ஸ். வக்காரினோ என்ற அமெரிக்கர். 2008-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 2009-இல், ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது. இதற்குப் பிறகு இதே முறையில் எத்தனையோ ஆட்டங்கள் வந்துவிட்டன.

அடுப்புக்குப் போன ஒன்பது

ஆடி 18 அன்று எங்கள் மலையில் வல்வில் ஓரி விழா. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தம்பிக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று மன்றச் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துப் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவிலும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வீட்டில்தான் பத்திரம் இல்லை.

நானும் தம்பியும் திண்ணையில் சீட்டைப் பரப்பியிருந்தபோது அப்பா காட்டிலிருந்து வந்தார். "ஏன்டா, படிக்க அனுப்பினா சீட்டாட்டம் கத்துக்கிட்டு வந்திருக்கியா? அதுவும் சின்னப்பயலுக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று கையில் அகப்பட்டதை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார். "இந்த வருசத்தோட படிப்பு போதும். காட்டுக்கு வா" என்றும் சொன்னார்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெரியப்பா மிளகு விற்ற பணத்தை மங்காத்தாவில் தோற்றுவிட்டு, அடுத்த வருசம் கடன் வாங்கிச் சாப்பிட்டவர். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் அதுதான் அர்த்தம். ஊரில் இருந்தது பிறகு செல்போனுக்குள்ளும் வந்தது. 2022-இல் தமிழக சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்குத் தடைச்சட்டம் நிறைவேற்றியதும், 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு தடை செய்ததும் சும்மா இல்லையே. "இதுல காசு வைக்கிறதில்லப்பா" என்று நான் சொன்னது அன்றைக்கு அவர் காதில் ஏறவில்லை. சீட்டின் மேலேயே காசுப் படம் போட்டிருந்தால் எப்படி ஏறும்?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே எனக்கு இரண்டு கடன். ஒன்று மன்றத்துக்கு ஒன்பது சீட்டு. இன்னொன்று அப்பாவுக்கு ஒரு பதில்.

எது போனால் பரவாயில்லை?

விடுதிக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். போனவை 5 காப்பர், 3 'வில்லேஜ்', 1 'பிராவின்ஸ்'.

காப்பர் மொத்தம் 60. நான்கு பேர் ஆடினாலும் தொடக்கத்தில் 28 போதும். மீதியை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. அதனால் ஐந்து போனது தெரியவே தெரியாது. ஆனால் பிராவின்ஸ் அப்படியில்லை. அது மொத்தமே 12. அந்தக் குவியல் தீர்ந்தால் ஆட்டமே முடிந்தது. மூன்று நான்கு பேர் ஆடும்போது பன்னிரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தால் ஆட்டம் ஒரு சீட்டு முன்னாலேயே முடிந்துவிடும். வில்லேஜ் 10 இருக்கணும். அது ஒரு புதுச் சீட்டை எடுக்க விட்டு, மேலும் இரண்டு வேலை செய்ய அனுமதி தரும். தனியாக அதற்குப் பெரிய மதிப்பில்லை. மற்ற சீட்டுகள் வேலை செய்ய வழிவிடுவதுதான் அதன் வேலை. மூன்று குறைந்தால் பலருடைய கட்டு சுற்றாமல் நின்றுவிடும்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்பது அல்ல, நான்குதான்.

ஜோக்கர் வைத்தியம்

சீட்டு தொலைந்தால் நம் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. ஜோக்கரை எடுத்து அதில் பால்பாயிண்ட் பேனாவால் 'ஸ்பேடு 7' என்று எழுதிவிடுவோம். ஜோக்கரும் தொலைந்திருந்தால் சிகரெட் அட்டையை வெட்டிப் போடுவோம். அது யார் கையில் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும்!

ஜோக்கர் 1860-களில் அமெரிக்காவில் 'யூக்கர்' என்ற ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்ட சீட்டு. பிற்காலத்தில் சேர்ந்த சீட்டுதான். பல அச்சகங்களில் ஒரே தாளில் 54 அல்லது 56 சீட்டு அச்சாகும். ஆட்டத்துக்கு 52 போக மீதி இடத்தில் ஜோக்கரும் விளம்பரச் சீட்டும் வந்துவிடும். ஒரே தாள், ஒரே மை, ஒரே வெட்டு. அதனால்தான் ஜோக்கர் நல்ல மாற்று ஆகிறது. சிகரெட் அட்டை ஆகாது.

முகம் அல்ல, முதுகு

நான் முதலில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வில்லேஜ் சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, சார்ட் அட்டையில் ஒட்டி, கத்தரியால் வெட்டினேன். முகம் அச்சு அசல். ஆனால் என் அறைத் தோழன் கண்ணை மூடிக்கொண்டே, விரலால் தடவி, பத்துச் சீட்டிலிருந்து அதை உருவி எடுத்துவிட்டான்!

அப்போதுதான் புரிந்தது. சீட்டில் முக்கியம் முகம் அல்ல, முதுகு. கட்டில் அடுத்து வரப்போவது என்ன என்று யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆட்டம் இல்லை. விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுவது எதற்கு? திருத்துபவருக்கு இது யார் தாள், எந்த ஊர்க்காரன் தாள் என்று தெரியக்கூடாது என்பதற்குத்தானே? அதுபோலத்தான் சீட்டின் முதுகும்.

அந்தக் காலத்து கஞ்சிபா சீட்டுகளில் முதுகு பெரும்பாலும் ஒரே நிறமாக, படம் இல்லாமல் இருக்கும். தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டு, எல்லாம் வட்ட வடிவம், கையால் வரைந்தவை. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் வெறும் வெள்ளை முதுகுதான். ஆனால் வெற்று முதுகில் ஒரு கறை பட்டாலும் அது அடையாளமாகிவிடும். முதுகு முழுவதும் கோலம் போல அச்சிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அழுக்கும் கீறலும் அந்தக் கோலத்துக்குள் மறைந்துவிடும்.

நம் ஆய்வகத்தில் ஆசிரியர் சொன்னபடி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு மாற்றுச் சீட்டு இந்த ஐந்திலும் தேறணும்:

1. அளவு: டொமினியன் சீட்டு 59 மி.மீ. அகலம், 91 மி.மீ. உயரம். கால் மி.மீ. கூடினாலும் கட்டை ஓரமாகப் பார்க்கும்போது துருத்திக்கொண்டு தெரியும்.

2. தடிமன்: மைக்ரோமீட்டரில் ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. என் ஜெராக்ஸ் சீட்டு பசையோடு சேர்ந்து அதற்கு மேல். விரல் பொய் சொல்லாது.

3. இழையோட்டம்: தாளுக்கும் மரம் மாதிரி இழை உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். எல்லாச் சீட்டும் ஒரே திசையில் வளையணும். ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டால் கலைக்கும்போதே மாட்டிக்கொள்ளும்.

4. நடுப்பசை: நல்ல சீட்டு ஒற்றைத் தாள் அல்ல. இரண்டு தாளுக்கு நடுவே கறுப்புப் பசை பூசி ஒட்டியிருப்பார்கள். விளக்குக்கு நேரே பிடித்தாலும் முகம் முதுகில் தெரியாது.

5. நிறம்: ஒரே அச்சகத்தில், ஒரே பிளேட்டில், இன்றைக்கு அடித்ததற்கும் அடுத்த மாதம் அடித்ததற்கும் மை அடர்த்தி மாறும். டென்சிடோமீட்டர் எதற்கு என்று வகுப்பில் தூங்கியவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும் (நானும் தூங்கியவன்தான்).

கூடுதல் சீட்டுகள்

விற்பவர்களே மாற்றுச் சீட்டு தருவதும் உண்டு. டொமினியனுக்கு 2009-லிருந்து 'இன்ட்ரீக்', 'சீசைடு' என்று பல கூடுதல் பெட்டிகள் வந்தன. 2012-இல் காசு, நிலம் போன்ற அடிப்படைச் சீட்டுகள் மட்டும் தனிப் பெட்டியாக வந்தது. 2016-இல் ஆட்டத்தையே திருத்தி இரண்டாம் பதிப்பு போட்டார்கள். சோபிக்காத 6 வகைகளை நீக்கிவிட்டு 7 புது வகைகளைச் சேர்த்தார்கள். பழைய பெட்டி வாங்கியவன் என்ன செய்வான்? முழுப் பெட்டியும் மறுபடி வாங்கச் சொல்லவில்லை. அந்தப் புதுச் சீட்டுகளை மட்டும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. புதியது வரட்டும், பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அங்கேயும் அதே கேள்விதான்: புதுசின் முதுகு பழசோடு ஒத்துப்போகணுமே? அதனால்தான் பலர் எல்லாச் சீட்டுக்கும், பின்பக்கம் ஒளி புகாத பிளாஸ்டிக் உறை போட்டுவிடுகிறார்கள். ஐந்நூறு சீட்டுக்கு உறை வாங்க மன்றத்தில் பணம் இல்லை.

பெட்டியின் அடியில் இருந்தது

கடைசியில் வழி பெட்டிக்குள்ளேயே இருந்தது. அடித்தட்டில் 7 வெற்றுச் சீட்டுகள்! முகத்தில் ஒன்றும் அச்சிடாமல், முதுகு மட்டும் மற்றவை போலவே. அனுபவம் உள்ளவர்கள் முன்யோசனையோடு வைத்தது. நாங்கள் பேக்கிங் அட்டை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தோம். (அதே பெட்டியில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் உதிரிச் சீட்டு உண்டு. ஆனால் எந்தெந்த வகையை இன்று ஆடுவது என்று குலுக்கி எடுப்பதற்கானது அது. முகம் ஒன்றே, முதுகு நிறம் வேறு. மாற்றாக உதவாது.)

நான்கு வெற்றுச் சீட்டில் டிராயிங் பேனாவால் எழுதினேன். மூன்றில் வில்லேஜ், ஒன்றில் பிராவின்ஸ். வேலை முடிந்ததா? இல்லை. பழைய சீட்டுகள் பத்துப் பேர் கை பட்டு ஓரம் மழுங்கியவை. புதியவை கத்தி மாதிரி விறைப்பாக இருந்தன. ஆகவே நான்கையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வகுப்புக்குப் போனேன். ஓய்வு நேரத்தில் கலைத்துக்கொண்டே இருந்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

முதல் பருவத்தில் நான் பேசினாலே "மலையா?" என்று கேட்பார்கள். நானும் விறைப்பாகத்தான் இருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை. கலந்து பழகினால் ஓரம் தானாக மழுங்கிவிடுகிறது. ஆனால் முகத்தில் எழுதியிருப்பது அழியவில்லை. அதுதான் வேண்டியது.

அப்பாவின் சோதனை

தீபாவளிக்குப் போனபோது பத்து வில்லேஜ் சீட்டை மட்டும் எடுத்துப் போனேன். "மறைச்சு வைக்காதே, நீயே கொண்டுபோய்க் காட்டு" என்றது அம்மா. அப்பா முன்னால் பத்தையும் குப்புறப் பரப்பினேன். "நீங்க எரிச்சதுல மூணுக்குப் பதிலா மூணு நான் செஞ்சதுப்பா. எதுன்னு கண்டுபிடிங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மிளகு தரம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து விரலில் உருட்டினார். இரண்டைப் பிடித்துவிட்டார். "இதோட ஓரம் இன்னும் மழுங்கலடா" என்றார். மூன்றாவது கிடைக்கவில்லை. பத்தையும் இரண்டு முறை பார்த்தார்.

"இதுக்குத்தான் அங்க படிக்கிறியா?"

"இது மாதிரி வேலைக்குத்தாம்ப்பா."

"அப்ப ஒழுங்காச் செய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். காட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அடுத்த பருவத்துக் கட்டணத்தை மிளகு விற்ற பணத்தில் கட்டினோம்.

அந்த இரண்டு சீட்டும் மறுபடி என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பெட்டிக்குப் போயிருக்கும். நண்பர்களே, ஆடிப் பாருங்கள். ஆடி முடித்ததும் எண்ணி வையுங்கள். வெற்றுச் சீட்டு இன்னும் மூன்றுதான் பாக்கி.