வாத்துத் தீனியில் நொதிப்பொடி: பயன்படும் இடமும் வீணாகும் இடமும்

நெல் விளையும் நாடுகளில் வாத்து வளர்ப்பு தொன்றுதொட்டு நடந்து வரும் உபதொழிலாகும். அறுவடையான வயல்களில் மந்தைகளை ஓட்டிச் சென்று, சிந்திய நெல்லையும் நத்தை, புழு, பூச்சிகளையும் மேயவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்துக் குட்டநாட்டிலும் இன்றும் காணப்படுகிறது. ஆயினும் வயல் மேய்ச்சல் ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று. மேய்ச்சல் அற்ற மாதங்களில் கையிலிருந்து தீனி போட்டே மந்தையைக் காக்க வேண்டும். காக்கி காம்பெல், வெள்ளைப் பெக்கின் முதலிய ஜாதிகளைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்போருக்கோ ஆண்டின் எல்லா நாட்களிலும் இச்செலவு உண்டு. இத்தொழிலில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் தீனியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன என்பதை வாத்து வளர்ப்போர் யாவரும் அறிவர்.

இந்நிலையில், தீனியுடன் கலப்பதற்கென்று நொதிப்பொடிகள் பல கடைகளில் விற்கப்படுகின்றன. முட்டை பெருகும், தீனி குறையும், நோய் அணுகாது என்று எல்லாப் பலன்களையும் ஒரே பொட்டலத்திற்கு ஏற்றிச் சொல்லி விற்போரும் உண்டு. இப்பொடிகளில் மெய்யான பயன் இருக்கிறது. ஆனால் அது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அந்நிபந்தனைகளை அறியாமல் வாங்குவோர் பணத்தை எச்சத்தோடு எச்சமாகக் கொட்டுகிறவர்களே ஆவர். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

நொதி என்பது யாது?

நொதி அல்லது என்ஸைம் என்பது ஒரு வகைப் புரதப் பொருள். உணவிலுள்ள பெரிய அணுக்கூட்டங்களைச் சிறு பகுதிகளாக உடைத்து, குடல் கிரகிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது இதன் வேலை. வாத்தின் வயிற்றிலும் கணையத்திலும் இவ்வித நொதிகள் இயற்கையாகவே சுரந்து மாவுப் பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் ஜீரணிக்கின்றன. ஆனால் தானியங்களிலும் தவிட்டிலும் உள்ள சில பொருள்களை உடைப்பதற்கு வேண்டிய நொதி வாத்தின் உடலில் போதிய அளவு கிடையாது. அக்குறையை வெளியிலிருந்து நிறைப்பதே நொதிப்பொடியின் நோக்கம். நொதி தானே ஓர் உணவன்று. உணவில் முன்பே உள்ள சத்தை வெளிப்படுத்துவதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. தீனியில் இல்லாத சத்தை எந்த நொதியாலும் உண்டாக்க முடியாது.

தவிட்டில் பூட்டிய சத்து

நம் நாட்டு வாத்துத் தீனியில் அரிசித் தவிடு முக்கியமானது. எலும்பு வளர்ச்சிக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் என்னும் தாதுச் சத்து தவிட்டில் ஏராளமாக இருக்கிறது. 100 கிலோ தவிட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உண்டு. ஆனால் இதில் ஐந்தில் நான்கு பங்கு பைடேட் என்னும் கூட்டுப்பொருளாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பைடேட்டை உடைக்கும் நொதிக்குப் பைடேஸ் என்று பெயர். இது வாத்தின் குடலில் மிகச் சொற்பமாகவே இருப்பதால், பூட்டிய பாஸ்பரஸில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. அன்றியும், பைடேட்டானது சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. பிண்ணாக்குகளிலும் இதே பொருள் கணிசமாக உண்டு.

பைடேஸ் நொதியை முதன்முதல் அரிசித் தவிட்டிலேயே ஜப்பானிய விஞ்ஞானிகள் 1907-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். ஆனால் தவிட்டில் இயற்கையாக உள்ள அளவு போதாது. கோதுமைத் தவிட்டில் இது அதிகம். எனினும் நெல்லைப் புழுக்கும்போதும் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும்போதும் ஏற்படும் உஷ்ணம் நொதியைக் கெடுத்துவிடும். பூஞ்சைக் காளான்களைக் கொண்டு இதைப் பெருமளவில் உற்பத்தி செய்து கோழி, பன்றித் தீனிகளில் சேர்க்கும் முறை 1991-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வியாபாரத்திற்கு வந்தது.

தீனிக்கு ஏற்ற நொதி

எல்லா நொதியும் எல்லாத் தீனிக்கும் ஆகா. பூட்டுக்குத் தக்க சாவி வேண்டும். பார்லி, கோதுமை, ரை முதலிய தானியங்களில் நீரில் கரைந்து கோந்துபோல் ஆகும் நார்ப்பொருள்கள் உண்டு. இவை குடலில் உணவைப் பிசுபிசுப்பாக்கி ஜீரணத்தைத் தாமதப்படுத்துகின்றன; எச்சமும் ஒட்டும் தன்மையடைந்து கொட்டிலை ஈரமாக்குகிறது. பார்லிக்குப் பீட்டா குளுக்கனேஸ் என்னும் நொதியும், கோதுமைக்கும் ரைக்கும் ஸைலனேஸ் என்னும் நொதியும் ஏற்றவை. குளிர்நாடுகளில் இவை பெரிதும் பயன்படுவதற்குக் காரணம் அங்குள்ள தீனியே.

நாமோ குருணை, மக்காச்சோளம், கம்பு, தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம். குருணையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள மாவுப் பொருளை வாத்து தன் சொந்த நொதியாலேயே நன்கு ஜீரணிக்கும். ஆகவே நம் தீனிக்கு முதன்மையாக ஆராயத்தக்கது பைடேஸ் ஒன்றே. பல நொதிகள் கலந்தது என்று விலை உயர்த்தி விற்கும் பொடியை வாங்குமுன், அவற்றுள் நம் தீனிக்கு வேண்டியது எது என்று கேட்டறிய வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு

பைடேஸின் வலிமை அலகுகளில் குறிக்கப்படுகிறது. தீனியில் கிலோ ஒன்றுக்கு 500 அலகு சேர்ப்பது பொதுவான வழக்கம். கிராமுக்கு 5,000 அலகு கொண்ட பொடியானால், 100 கிலோ தீனிக்கு 10 கிராம் போதும். பைடேட் மிகுந்த தீனியில் இவ்வளவு நொதி ஏறக்குறைய 100 கிராம் பாஸ்பரஸை விடுவிக்கும் என்று கணக்கிடலாம். டைகால்சியம் பாஸ்பேட் என்னும் உப்பில் நூற்றுக்கு 18 பங்கு பாஸ்பரஸ் இருப்பதால், அவ்வுப்பில் அரைக் கிலோவுக்குச் சற்று மிகுதியாகக் குறைத்துக்கொள்ள இது இடந்தரும்.

முட்டையிடும் வாத்து ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிராம் தீனி உண்பதாகக் கொண்டால், 100 வாத்துகளுக்கு மாதம் 450 கிலோ ஆகும். இதற்கு வேண்டிய பொடி 45 கிராம்; மீதமாகும் உப்பு சுமார் இரண்டரைக் கிலோ. இவ்விரண்டின் விலையையும் தம் ஊர்க் கடையில் விசாரித்து ஒப்பிட்டால், லாபம் எவ்வளவு என்பது ஒவ்வொருவருக்கும் தெளிவாகும். ஆனால் நொதியைச் சேர்த்துவிட்டு உப்பையும் முன்போலவே போட்டு வந்தால், செலவு கூடுமேயன்றிக் குறையாது.

இதிலிருந்து மூன்று நிலைமைகள் புலனாகும். முதலாவது, தவிடு, பிண்ணாக்குடன் தாது உப்பும் விலைக்கு வாங்கிக் கலப்போர். இவர்களுக்கு நொதியால் உப்புச் செலவு குறையும். இரண்டாவது, உப்பு எதுவும் சேர்க்காமல் தவிட்டையே பெரும்பாலும் நம்பியிருப்போர். இவர்களுடைய குஞ்சுகள் கால் தளர்ந்து, அலகு மென்மையாகி, வளர்ச்சி குன்றியிருப்பின் பாஸ்பரஸ் குறைவும் அதற்கு ஒரு காரணமாகலாம். அங்கே நொதி உதவி செய்யும். எனினும் சமச்சீரான தீனிக்கு அது ஈடாகாது. மூன்றாவது, முள்ளோடு கூடிய மீன் தூளைத் தாராளமாகச் சேர்ப்போரும், வயலில் மேய்ப்போரும். மீன் முள்ளிலும், மேய்ச்சலில் கிடைக்கும் சிற்றுயிர்களிலும் உள்ள பாஸ்பரஸ் எளிதில் சேரக்கூடியது. இவர்களுக்கு நொதிப்பொடி வீண்செலவு.

கலக்கும் முறை

10 கிராம் பொடியை 100 கிலோ தீனியில் ஒரே தடவையில் கொட்டிக் கிளறினால் அது எங்கும் சமமாகப் பரவாது. முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, பிறகு அதைப் பத்துக் கிலோவில் கலந்து, அதன்பின் முழுத் தீனியிலும் கலக்க வேண்டும். பொடித் தூசி சுவாசத்தில் சென்றால் சிலருக்கு மூச்சுத் தொல்லை உண்டாகும். ஆகையால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

நொதிக்கு உஷ்ணம் பெரும் பகை. குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சி வாத்துக்கு வைப்போர், அது நன்கு ஆறிய பின்னரே பொடியைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி அழிந்துபோகும். பொடியை ஈரமும் வெயிலும் படாத குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வைத்து, பொட்டலத்தில் குறித்த காலத்திற்குள் உபயோகித்துவிட வேண்டும். தாது உப்புக் கலவைகளுடன் கலந்து நெடுநாள் வைத்தால் வலிமை குன்றும்.

வாத்து ஈரத் தீனியையே விரும்பி உண்ணும். குடிக்க நீரின்றித் தீனி வைக்கலாகாது. ஆனால் நனைத்த தீனி நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும். அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் பிசைந்து வைத்து, மிச்சத்தை அப்புறப்படுத்த வேண்டும். ஓட்டுக்கென்று கிளிஞ்சல் தூளை அளவுக்கு மிஞ்சித் தீனியிலேயே கலப்பதும் தவறு. சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் அது பைடேட்டுடன் சேர்ந்து இறுகி, நொதியின் வேலையைத் தடுக்கும். முட்டையிடும் வாத்துகளுக்குக் கிளிஞ்சலைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால் வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்ளும்.

நொதியால் ஆகாதவை

கெட்ட தீனியை நொதி நல்ல தீனி ஆக்காது. பச்சரிசித் தவிட்டில் லைபேஸ் என்னும் வேறொரு நொதி இயற்கையாகவே இருந்து, அரைத்த சில நாட்களிலேயே எண்ணெயைச் சிதைத்துத் தவிட்டைக் காறலடையச் செய்கிறது. புழுங்கல் அரிசித் தவிட்டில் வேகவைத்ததால் இந்நொதி அழிந்துவிடுவதால், அது அதிக நாள் தாங்கும். காறிய தவிட்டைப் பொடி போட்டுச் சரிக்கட்ட முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்ததில், தீனியில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சையால் உண்டான நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அந்நஞ்சுக்கு அப்ளடாக்ஸின் என்று பெயர். வீட்டுப் பறவைகளுள் வாத்துக் குஞ்சுக்கே இது மிகவும் கொடியது. பைடேஸ் நொதிக்கு இந்நஞ்சின்மேல் யாதொரு சக்தியும் கிடையாது. பொடி வாங்கும் பணத்தைக் கொண்டு பிண்ணாக்கைப் புதிதாகவும் உலர்ந்ததாகவும் வாங்குவது, பல மந்தைகளில் அதிகப் பலன் தரும்.

ஊர்க் குளமும் வாத்து எச்சமும்

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. ஜீரணமாகாத பாஸ்பரஸ் எச்சத்தோடு குளத்தில் சேர்ந்தால் பாசி மிகுதியாகப் படரும். பாசி பெருகிய நீரில் இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் இறக்கும். நீரும் கால்நடைகள் குடிக்கத் தகாததாகும். நெதர்லாந்து தேசத்தில் பைடேஸ் விரைவில் பரவியதற்கு, கால்நடை எருவின் பாஸ்பரஸுக்கு அரசாங்கம் வரம்பு விதித்தது ஒரு முக்கிய காரணமாகும். நொதி சேர்த்து உப்பையும் குறைத்தால் எச்சத்தில் பாஸ்பரஸ் குறையும். ஒரு குளத்தைச் சுற்றிப் பல பண்ணைகள் உள்ள ஊர்களில் இப்பலன் உப்பு விலையைவிடப் பெரியதாகலாம். அன்றியும், சிறு மந்தைக்காரர்கள் தனித்தனியே கிராம் கணக்கில் நிறுப்பதைவிட, சேர்ந்து வாங்கி ஓரிடத்தில் கலந்து பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தால் அளவும் சரியாக அமையும்.

தாமே பரீட்சித்தல்

பிறர் சொல்லை முழுவதும் நம்பாமல் தம் கொட்டிலிலேயே சோதிப்பது நன்று. ஒரே வயதும் ஜாதியும் உள்ள வாத்துகளை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பழைய தீனியும், மற்றதற்கு உப்பைக் குறைத்து நொதி சேர்த்த தீனியும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். உண்ட தீனி, இட்ட முட்டை, ஓடு மெலிந்து உடைந்த முட்டை, இறந்த வாத்து ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வர வேண்டும். முட்டையும் ஓடும் குறையாமல் செலவு மட்டும் குறைந்தால் பொடி பயன்பட்டது என்று கொள்ளலாம். ஓடு மெலிந்தாலோ நடை தளர்ந்தாலோ உடனே பழைய தீனிக்குத் திரும்பி, கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

சுருங்கச் சொன்னால், மேய்ச்சலில் உள்ள வாத்துக்கு நொதி வேண்டாம். தவிடும் பிண்ணாக்கும் தின்று கொட்டிலில் அடைபட்ட வாத்துக்குப் பைடேஸ் பயன்படலாம். உப்பைக் குறைத்தாலன்றி லாபமில்லை. நல்ல தீனி, சுத்தமான நீர், உலர்ந்த கொட்டில் ஆகிய மூன்றும் அமைந்த பிறகே நொதியைப் பற்றி எண்ணுதல் தகும்.